கட்டுச்சோறும் இருப்புப்பாதையும்: திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சமூக வரலாற்று நோக்கு (1875–2023)

ஆய்வுச்சுருக்கம்

நெடுந்தொலைவு இரயில் பயணத்துக்கு வீட்டிலிருந்து உணவு கட்டிச் செல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் பழமையின் எச்சமாகவும் சிக்கனப் பழக்கமாகவும் விளக்கப்பட்டு வருகிறது. இன்று அறியப்படும் வடிவில் அவ்வழக்கம் இருப்புப்பாதை உருவாக்கிய ஒன்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. பெட்டிகளின் அமைப்பு, நிலையங்களின் உணவு அறைகளில் நிலவிய சாதிப் பிரிவினை, புன்செய் நிலத்தின் தானியப் பொருளாதாரம், அடுக்களையின் பதப்படுத்தும் அறிவு ஆகிய நான்கும் சேர்ந்து கட்டுச்சோற்றை எவ்வாறு வடிவமைத்தன என்பது திண்டுக்கல் நகரையும் அதன் சமவெளியையும் களமாகக் கொண்டு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கட்டுச்சோறு, பொதிசோறு, தென்னிந்திய இரயில்வே, திண்டுக்கல், தீட்டு, உணவு அறை, பழனி

1. சொல்லும் பொருளும்

வழிநடைக்கு எடுத்துச்செல்லும் உணவைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. நாலடியார் ‘தோட்கோப்பு’ என்கிறது. பழமொழி நானூறு ‘ஆற்றுணா’ என்கிறது. தோளில் கோத்துக்கொள்வது, வழியில் உண்பது என்னும் பொருள்களை இச்சொற்களே காட்டிவிடுகின்றன. பெரியபுராணத்தில் திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசித்துக் களைத்த திருநாவுக்கரசருக்கும், திருக்குருகாவூர் வழியில் சுந்தரருக்கும் இறைவன் பொதிசோறு அளித்த நிகழ்ச்சிகள் இடம்பெறுகின்றன. வைணவ மரபில் ‘கட்டமுது’ என்ற வழக்கு நிலைபெற்றுள்ளது. இச்சான்றுகளைக் கொண்டு, இரயில் பெட்டியில் பிரிக்கப்படும் புளிச்சோற்றுப் பொட்டலத்தைச் சங்கம் மருவிய காலத்தோடு நேரே இணைத்துவிடும் கட்டுரைகள் குறைவல்ல. அவ்விணைப்பு கவர்ச்சியானது, ஆனால் வரலாற்று நோக்கில் வலுவற்றது.

நாலடியாரின் வழிப்போக்கனும் பெரியபுராணத்தின் அடியாரும் நடந்து சென்றவர்கள். நடைப்பயணத்தில் கட்டுச்சோறு என்பது ஒருவேளை உணவு. இரவு தங்குமிடத்தில் அடுப்பு மூட்டிப் புதிதாய்ச் சமைத்துக்கொள்வதே முறை. ஆகவே நெடும்பயணம் செல்பவர் சோற்றைவிட அரிசியையும் பானையையுமே மிகுதியாகச் சுமந்தனர். இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளாமல் கட்டுச்சோற்றின் வரலாற்றை எழுத இயலாது.

2. வண்டித்தடத்திலிருந்து இருப்புப்பாதைக்கு

திண்டுக்கல் மதுரைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடைப்பட்ட பெருவழியில் அமைந்த கோட்டை நகரம். இராணி மங்கம்மாள் (1689–1706) காலத்துச் சாலைகளும் சத்திரங்களும் மதுரை நாட்டில் இன்றும் பேசப்படுவன. மாட்டுவண்டி நாளொன்றுக்குப் பதினைந்து முதல் இருபது மைல் வரை செல்லும் எனக் கொண்டால், சென்னைக்கு இரு வாரங்களுக்கும் மேற்பட்ட பயணம். அப்பயணத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு சமையல் நிகழும். சத்திரத்தில் சாதிக்கேற்ற உணவோ இடமோ கிடைக்கும். கிடைக்காதவர்க்கு மரத்தடியும் மூன்று கற்களும் போதுமானவை. புளியமரம் நிழலையும் புளியையும் ஒருசேரத் தந்தது.

திருச்சிராப்பள்ளி – மதுரை இருப்புப்பாதை 1875இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது தூத்துக்குடி வரை நீண்டது. திண்டுக்கல் அப்பாதையின் முதன்மை நிலையங்களுள் ஒன்றாயிற்று. சென்னையையும் கொழும்புக் கப்பல் துறையான தூத்துக்குடியையும் இணைத்த அஞ்சல் வண்டி இவ்வூர் வழியாகவே சென்றது. இரு வாரப் பயணம் ஒரு பகலும் ஓர் இரவுமாகச் சுருங்கியது. பயண நேரம் குறைந்தால் கட்டிச்செல்லும் உணவும் குறைந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது நேர்மாறானது. வண்டித்தடத்தில் ஒவ்வோர் இரவும் கிடைத்த அடுப்பை இருப்புப்பாதை பறித்துக்கொண்டது. ஓடும் பெட்டியில் தீ மூட்ட வழியில்லை. நிற்கும் நிலையத்தில் நேரமில்லை. எனவே முன்பு ஒருவேளைக்கு மட்டும் உரியதாயிருந்த கட்டுச்சோறு இரண்டு, மூன்று வேளைகளுக்கு நீள வேண்டியதாயிற்று. சமைத்த சோற்றை இருபத்து நான்கு மணி நேரம் கெடாமல் வைத்திருக்க வேண்டிய தேவை பெரும்பான்மை மக்களுக்கு முதன்முறையாக எழுந்தது இக்காலத்தில்தான்.

3. பெட்டியின் அமைப்பு

இந்திய இரயில் பயணிகளுள் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேற்பட்டோர் மூன்றாம் வகுப்பில் சென்றவர்கள். அவ்வகுப்புப் பெட்டிகள் நெடுங்காலம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல இயலாதவாறு தனித்தனியே அடைக்கப்பட்டிருந்தன. உணவுப் பெட்டி இணைக்கப்பட்ட வண்டிகளிலும் அது மேல்வகுப்பினர்க்கே பயன்பட்டது. மூன்றாம் வகுப்புப் பயணி உண்ணவும் நீர் பிடிக்கவும் நீராவி எஞ்சின் நீர் நிரப்பிக்கொள்ளும் நிலையங்களையே நம்பியிருந்தார். எஞ்சின் நீர் குடிக்கும் நேரமே மனிதர் நீர் குடிக்கும் நேரம்.

தென்னிந்திய இரயில்வேயில் ஐரோப்பிய முறை உணவு அறைகளை நடத்திய நிறுவனம் சென்னை ஸ்பென்சர். அந்நிறுவனமே திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையையும் நடத்தியது. புகையிலையை விளைவித்த சமவெளி உழவரும் சுருட்டுச் சுற்றிய தொழிலாளரும் அந்நிறுவனத்தின் மேசையில் அமர்ந்து உண்டிருக்க வாய்ப்பே இல்லை என்பதைத் தனியே நிறுவ வேண்டியதில்லை.

மூன்றாம் வகுப்புப் பயணிக்கு நிலையத்தில் கிடைத்த உணவு எத்தகையது என்பதற்குக் காந்தியடிகள் 1917இல் வெளியிட்ட சிறுநூல் நல்ல சான்று. பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த அனுபவத்தை அதில் அவர் விரிவாக எழுதுகிறார். தேநீர் என்ற பெயரில் விற்கப்பட்டது தேநீரே அன்று எனவும், தின்பண்டங்கள் ஈ மொய்க்கத் திறந்து கிடந்தன எனவும், அவற்றைத் தொட்டுத் தந்த கைகள் தூய்மையற்றவை எனவும் அவர் குறிப்பிடுகிறார். கட்டுச்சோறு சுமந்தவர்களை வெறும் பழமைவாதிகளாகக் காணும் பார்வைக்கு இச்சிறுநூல் ஒரு மறுப்பு. வாந்திபேதி ஊர்தோறும் பரவிய நூற்றாண்டில், யார் சமைத்தது என்று தெரிந்த சோற்றை உண்பது ஆசாரம் மட்டுமன்று, உயிர்காப்பும் ஆகும்.

4. தீட்டும் உணவு அறையும்

ஆயினும் ஆசாரத்தைக் குறைத்து மதிப்பிடவும் இயலாது. இரயில் பெட்டி சாதி ஒழுங்கிற்குப் பெரும் சவாலாக வந்தது. பயணச்சீட்டு வாங்கிய எவரும் ஒரே பலகையில் அமரலாம் என்ற நிலையைச் சட்டம் மறுக்கவில்லை. அமர்வதை ஏற்றுக்கொண்ட ஆசாரம் உண்பதில் தன்னை இறுக்கிக்கொண்டது. பார்ப்பனர் வீடுகளில் நீரில் வெந்த சோறு ‘பத்து’ எனக் கருதப்பட்டது. அதைத் தொட்ட கை, வைத்த இடம் எல்லாம் விதிகளுக்கு உட்பட்டன. அவலும் பொரியும் பழமும் அத்தகைய கட்டுப்பாட்டுக்கு உட்படாதவை. எனவே மிகுந்த ஆசாரமுடையோர் பயணத்தில் சோற்றைத் தவிர்த்து அவற்றாலேயே பசியாறினர். மற்றையோர் வீட்டில் மடியாகச் சமைத்துக் கட்டிய சோற்றைப் பிறர் கண்படாமல் திரும்பி அமர்ந்து உண்டனர். சிலர் இறங்கும்வரை பல்லில் நீர்கூடப் படாமல் சென்றனர். வெந்நீரோ கிணற்று நீரோ நிரப்பித் திருகுமூடி இட்ட கூஜா அக்காலப் பயணத்தின் தவிர்க்கவியலாத உறுப்பாயிற்று.

இரயில்வே நிருவாகம் இவ்வொழுங்கைக் குலைக்க விரும்பவில்லை; அதற்கு இடம் ஒதுக்கித் தந்தது. வட இந்திய நிலையங்களில் இந்துக்களுக்கும் முசுலிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர் வழங்கப்பட்டது. தென்னிந்திய இரயில்வே நிலையங்களில் பிரிவினை வேறு கோட்டில் விழுந்தது. இந்திய உணவு அறைகளில் பார்ப்பனர்க்குத் தனி இடமும் ஏனையோர்க்குத் தனி இடமும் ஒதுக்கப்பட்டன. சமைப்பவர் ஒருவரே, சோறு ஒன்றே. உண்ணும் இடம் மட்டும் வேறு. பொதுப்பணத்தையும் பயணிகளின் கட்டணத்தையும் கொண்டு இயங்கும் நிறுவனம் இவ்வாறு செய்வதைச் சுயமரியாதை இயக்கம் தொடர்ந்து கண்டித்தது. நீதிக்கட்சியின் தலைமையில் இருந்த ஈ.வெ.ரா. பெரியார் முன்னெடுத்த எதிர்ப்பையடுத்து 1941இல் இப்பிரிவினை இரயில் நிலைய உணவு அறைகளிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. தென்னிந்திய இரயில்வே அப்போது ஒரு தனியார் கம்பெனி. அதை அரசு எடுத்துக்கொண்டது 1944இல். தென்னக இரயில்வே உருவானது 1951 ஏப்ரல் 14இல்.

இங்குக் கருதத்தக்க ஒன்று உண்டு. பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் என்ற இருமைக்குள் அடங்காத மூன்றாவது நிலை ஒன்றிருந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கு ‘ஏனையோர்’ பகுதியின் கதவும் நடைமுறையில் எளிதில் திறந்ததில்லை. திண்டுக்கல் சமவெளியின் சேரிகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், பின்னர் சென்னை, கோவை ஆலைகளுக்கும் சென்ற குடும்பங்களுக்குக் கட்டுச்சோறு ஒரு தேர்வாக இருக்கவில்லை. ஊர்த் தேநீர்க் கடையில் தனிக்குவளை வைக்கப்பட்டவர்க்கு நிலையத்து உணவு அறை மட்டும் எவ்வாறு வேறாகும்? தீட்டுக்கு அஞ்சிச் சோறு கட்டியவரும், தீட்டு என்று ஒதுக்கப்பட்டதால் சோறு கட்டியவரும் ஒரே பெட்டியில், சில வேளைகளில் எதிரெதிர்ப் பலகைகளில் அமர்ந்து, தத்தம் பொட்டலத்தைப் பிரித்தனர். கட்டுச்சோற்றை ‘நம் பண்பாட்டின் அடையாளம்’ என்று பொதுமைப்படுத்தும் எழுத்து இவ்விருவரையும் ஒருவராக்கிவிடுகிறது. செயல் ஒன்றாயினும் காரணம் ஒன்றன்று.

5. ஊசிப்போகாத சோறு

கட்டுச்சோற்றுக்குரிய உணவுகளின் பட்டியல் தற்செயலாக அமைந்ததன்று. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி ஆகிய நான்கும் ஒரே சிக்கலுக்குக் கிடைத்த நான்கு விடைகள். சமைத்த சோறு வெப்பநாட்டில் கெடுவதற்குப் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிர் முக்கியக் காரணம். அதன் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகுகின்றன. அமிலத்தன்மை மிகுந்த சூழலில் இத்தகைய உயிரிகளின் பெருக்கம் தடைப்படும். உணவியலார் பொதுவாக 4.6 என்ற அமிலகாரக் குறியீட்டை (பி.எச்.) எல்லையாகக் கொள்வர். புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் தயிரின் லாக்டிக் அமிலமும் சோற்றை அந்த எல்லையை நோக்கிக் கொண்டுசெல்கின்றன.

அடுக்களை இதை அளவைகளின்றி அறிந்திருந்தது. புளிக்காய்ச்சலை நீர் முழுதும் வற்றி எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை காய்ச்சுதல், வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்தல், ஆறிய பின்னரே பொதிதல் என்பன பொதுவிதிகள். சூட்டோடு கட்டினால் ஆவி இலைக்குள் நீராய் இறங்கும். அச்சோறு பிற்பகலுக்குள் ஊசிப்போகும். தேங்காய் சேர்ந்த எதுவும் பயணத்துக்கு ஆகாது. அதனால்தான் இட்லிக்குச் சட்னி விலகி மிளகாய்ப்பொடி வந்தது. வெங்காயமும் பலர் வீட்டில் விலக்கப்பட்டது. துணைக்கு வறுத்த வடகமும் ஊறுகாயும் துவையலும் போதும். துவையலிலும் பருப்புத் துவையலுக்கே முதலிடம்.

தயிர்ச்சோறு இவற்றுள் நுட்பமானது. விடியலில் புறப்படுபவர்க்குத் தயிரை நேரே பிசைந்து தந்தால் நண்பகலில் அது உண்ண இயலாதவாறு புளித்திருக்கும். ஆகவே குழைய வடித்த சோற்றில் காய்ச்சிய பாலை மிகுதியாக விட்டு, தயிரை ஒரு கரண்டி மட்டுமே சேர்ப்பர். வண்டி ஓடும் நேரமே அதை உறையவைக்கும் நேரம். எந்த வேளையில் உண்ணப்படும் என்பதைக் கணக்கிட்டுத் தயிரின் அளவைக் கூட்டியும் குறைத்தும் இட்ட பெண்கள் இரயில் கால அட்டவணையைத் தம் போக்கில் படித்தவர்களே. முந்தைய இரவு முழுதும் விழித்திருந்து நிகழும் இவ்வுழைப்பு எந்த நிருவாக ஆவணத்திலும் பதிவாகவில்லை. உணவு அறைகளைப் பற்றிய முறையீடுகளும் விசாரணைகளும் கோப்புகளாயின. அவ்வறைகளின் தேவையையே பெருமளவு குறைத்துவந்த வீட்டு உழைப்பு கோப்பாகவில்லை.

பொதியும் பொருள்களுக்கும் காலவரிசை உண்டு. தணலில் வாட்டிய வாழையிலை மடித்தாலும் கிழியாது, வாழைநாரால் கட்டப்படும். உலர்ந்த தையல் இலை, மந்தாரை இலை, பாக்குமட்டை ஆகியன நீண்ட பயணத்துக்கு உதவின. உண்டபின் எறிந்துவிடலாம் என்பதால் பாத்திரம் கழுவும் நீருக்கு அலைய வேண்டியதில்லை. எச்சில் பாத்திரத்தைச் சுமக்கும் தீட்டுச் சிக்கலும் இல்லை. பித்தளைத் தூக்குகளில் புளிச்சோறு வைப்பது ஆபத்தானது. அமிலம் பட்டால் களிம்பேறும். இதற்காகவே உள்ளே ஈயம் பூசப்பட்டது. ஈயம் பூசுவோர் தெருத்தெருவாய் வந்தனர். விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் எவர்சில்வர் பரவியபோதுதான் அடுக்குத் தூக்கு என்னும் டிபன் கேரியர் நடுத்தர வீடுகளின் பயணப் பாத்திரமாயிற்று. அதனோடு பழைய இலைப்பொட்டலம் ஏழ்மையின் குறியாக மாறிப்போனதும் நிகழ்ந்தது.

6. புன்செய் நிலத்தின் பொட்டலம்

மேற்கூறிய நான்கும் அரிசி உணவுகள் என்பதை நினைவில் இருத்த வேண்டும். திண்டுக்கல் சமவெளி மழையை நம்பிய புன்செய்ப் பகுதி. வடமதுரை, வேடசந்தூர், குசிலியம்பாறை வட்டாரங்களின் அன்றாட உணவு கம்பும் சோளமும் கேழ்வரகும். அரிசிச்சோறு விழாநாளுக்குரியது. இரயில் ஏறிய உழவர் குடும்பம் எடுத்துச்சென்றது கேழ்வரகு அடை, கம்பஞ்சோற்று உருண்டை, வேகவைத்த நிலக்கடலை போன்றவையே. கூழ் தூக்குச்சட்டியில் தளும்பும், உருண்டை தளும்பாது. நீரும் சிறிது மோரும் கிடைக்கும் நிலையத்தில் கரைத்துக்கொள்ளலாம். பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் துணை.

பயண உணவு பற்றி நாளிதழ்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் வந்துள்ளவை பெரும்பாலும் புளியோதரையையும் தயிர்ச்சாதத்தையுமே பாடுகின்றன. எழுதியோர் எழுதத் தெரிந்த வீட்டினர். அவர்களின் அடுக்களையே தமிழரின் பொது அடுக்களையாக நின்றுவிட்டது. இறைச்சி உணவின் நிலையும் இதுவே. உப்புக்கண்டமும் வறுத்த கோழியும் முசுலிம், கிறித்தவ, பிற்படுத்தப்பட்டோர் வீடுகளிலிருந்து பயணம் சென்றன. பேகம்பூரிலிருந்து நாகூர் செல்வோரும் மாதா கோயில் பங்குகளிலிருந்து வேளாங்கண்ணி செல்வோரும் வைத்திருந்த பொட்டலங்கள் வேறு மணமுடையவை. அந்த மணமே பெட்டியில் முகச்சுளிப்புக்கும் இடமாற்றத்துக்கும் காரணமாயிற்று. தீட்டு என்ற சொல் பொதுவெளியில் ஒலிக்கக் கூசிய பிறகு, ‘வாடை’ என்ற சொல் அதன் வேலையைச் செய்தது. இன்று திண்டுக்கல் என்றதும் சீரகச்சம்பா பிரியாணி நினைவுக்கு வருவதும், அதன் பொட்டலம் குளிரூட்டிய பெட்டியில் தயக்கமின்றிப் பிரிக்கப்படுவதும் சிறிய மாற்றங்கள் அல்ல.

7. பழனிப் பாதை

திண்டுக்கல் – பொள்ளாச்சி இருப்புப்பாதை 1928இல் திறக்கப்பட்டபோது பழனி இரயில் தொடர்பு பெற்றது. அதுவரை பழனிச் செலவு என்பது நடையும் வண்டியும். நகரத்தார் காவடியோடு நடந்து செல்லும் மரபு இன்றும் தொடர்கிறது. அவர்கள் வழியில் தங்கிச் சமைத்து உண்கின்றனர். பழைய வண்டித்தட முறையின் உயிருள்ள எச்சம் அது. இரயிலில் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் சென்றோரோ கட்டுச்சோற்றை நம்பினர். விரதம் காரணமாகப் புலால் விலக்கிய பொட்டலம் எல்லாச் சாதியினர்க்கும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்த அரிய வேளை இதுவே எனலாம்.

இப்பாதையில் போகும்போது சோறும் வரும்போது பஞ்சாமிர்தமும் பயணம் செய்தன. பஞ்சாமிர்தமும் பதப்படுத்தலில் ஒரு சாதனை. மலைவாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் ஆகியன சேரும் அதில் ஒரு துளி நீரும் சேர்வதில்லை. சர்க்கரையும் தேனும் பழத்தின் ஈரத்தைக் கட்டிவைத்துவிடுகின்றன. 2019இல் அது புவிசார் குறியீடு பெற்றது. விருப்பாச்சி மலைவாழையும் சிறுமலை வாழையும் முன்னரே அக்குறியீடு பெற்றவை. திருச்சிராப்பள்ளிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையிலுள்ள மணப்பாறையில் நடைமேடை விற்பனையால் பெயர் பெற்ற முறுக்கு 2023இல் அப்பட்டியலில் சேர்ந்தது. ஈரமற்ற, எண்ணெயில் பொரித்த, யார் கையால் வாங்கினாலும் தீட்டுக் குறைவு என ஏற்கப்பட்ட பண்டமே நடைமேடையில் முதலில் வெற்றி பெற்றது என்பது நான்காம் பகுதியில் கூறியவற்றோடு இணைத்து நோக்கத்தக்கது. ஆயக்குடிப் பகுதியின் கொய்யாவும் கொடைரோட்டின் திராட்சையும் அவ்வாறே. தோலுள்ள பழம் ஐயத்துக்கு இடமற்றது.

8. பங்கீட்டுக் காலம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவுப் பங்கீடு கட்டுச்சோற்றில் இரு மாற்றங்களைக் கொணர்ந்தது. அரிசி குறைந்து கோதுமை வழங்கப்பட்டதால் சப்பாத்தி தமிழ் அடுக்களைக்குள் நுழைந்தது. உலர்ந்த, சுருட்டத்தக்க அவ்வுணவு பயணத்துக்கு ஏற்றதென்பது விரைவில் கண்டறியப்பட்டது. மாவட்ட எல்லை கடந்து அரிசி கொண்டுசெல்லத் தடை இருந்த நாள்களில் பயணிகளின் மூட்டைகள் சோதிக்கப்பட்டன. அரிசி மூட்டை குற்றம், சோற்று மூட்டை குற்றமன்று. இராசாசியின் அமைச்சரவை 1952இல் கட்டுப்பாட்டை நீக்கியது. அறுபதுகளின் நடுவில் தட்டுப்பாடு மீண்டபோது தடைகளும் மீண்டன.

9. உணவு வழங்கலும் தீயும்

விடுதலைக்குப்பின் இரயில்வே உணவு வழங்கலைச் சீர்செய்ய 1954இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த துணை அமைச்சர் ஓ.வி. அளகேசன். ஒப்பந்தக்காரர்களின் ஆட்சியைக் குறைத்து இரயில்வே துறையே நேரடியாக உணவு வழங்கும் முறை அதன்பின் விரிவடைந்தது. மூன்றாம் வகுப்பு 1974இல் ஒழிந்தது. 1977 ஆகஸ்ட் 15இல் தொடங்கப்பட்ட வைகை விரைவு வண்டி மதுரை, திண்டுக்கல் மக்களுக்குச் சென்னையைப் பகற்பொழுதுத் தொலைவாக்கியது. மூன்று வேளைப் பொட்டலம் ஒருவேளைப் பொட்டலமாயிற்று. இரயில்வே உணவு, சுற்றுலாக் கழகம் 1999இல் நிறுவப்பட்டது. கைப்பேசியில் கேட்டால் இருக்கைக்கு உணவு வரும் ஏற்பாடு பின்னர் வந்தது.

எனினும் வெளிச்சோற்றின் மீதான ஐயம் மறையவில்லை. அதன் கொடிய விளைவொன்று திண்டுக்கல்லுக்கு அடுத்த பெருநிலையத்தில் நிகழ்ந்தது. 2023 ஆகஸ்ட் 26 விடியலில், மதுரைச் சந்திப்பில் நிறுத்தப்பட்டிருந்த தனிச் சுற்றுலாப் பெட்டியில் தீப்பற்றி ஒன்பது பேர் உயிரிழந்தனர். இலக்னோவிலிருந்து தென்னகத் தலங்களுக்கு வந்திருந்த பயணிகள் அவர்கள். விதிக்கு மாறாக எடுத்துவரப்பட்ட எரிவளி உருளையைக் கொண்டு பெட்டிக்குள் தேநீர் காய்ச்ச முயன்றதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. எரிபொருளை இரயிலில் கொண்டுசெல்வதை இரயில்வே சட்டம், 1989 தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. பல நாள் நீளும் தலப்பயணத்தில் பொட்டலம் போதாது. வழியில் விற்கும் உணவின் மீது நம்பிக்கையில்லை. ஆகவே அடுப்பே பெட்டிக்குள் ஏறியது. 1875இல் இருப்புப்பாதை பயணியிடமிருந்து பறித்துக்கொண்ட அதே அடுப்பு.

அவ்விபத்துக்கு நான்கு வாரங்களுக்குப்பின், 2023 செப்டம்பர் 24இல், திருநெல்வேலி – சென்னை வந்தே பாரத் வண்டி தொடங்கப்பட்டது. திண்டுக்கல்லில் நின்று செல்லும் அவ்வண்டியின் கட்டணத்தில் உணவுக்கான தொகையும் அடங்கும். பயணச்சீட்டுப் பதிவின்போது உணவு வேண்டாம் என்று குறிப்பிட்டால் அத்தொகை கழிக்கப்படும். அவ்வாறு குறிப்பிட்டு ஏறுவோரின் இருக்கைக்கு முன்னுள்ள மடிப்புத் தட்டில், தாளில் மடித்த வாழையிலைக்குள், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இருக்கிறது.